வலிப்புக்கு மாதம் ஒரு ஊசி போதுமா? சி.பி.டி. ஆய்வு எங்கே நிற்கிறது?

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒரு வேளைகூட விட்றாதீங்க." வலிப்பு நோய்க்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும் எவரும் இந்த வாசகத்தைக் கேட்காமல் வந்திருக்க மாட்டார்கள். மதுரை கோரிப்பாளையத்தில் உள்ள அரசு ராஜாஜி மருத்துவமனை, ஊர் வாயில் பெரியாஸ்பத்திரி. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், வாடிப்பட்டி பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி அங்கே வருகிறவர்களுக்கு, அந்த வாசகம் கேட்பதற்குச் சுலபம், கடைப்பிடிப்பதற்குச் சிரமம். உசிலம்பட்டியிலிருந்து மதுரை சுமார் 40 கி.மீ. மாத்திரை இலவசம். ஆனால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்பது இலவசம் அல்ல. நடவு நேரமாக இருந்தால், வீட்டில் கல்யாணம் காட்சி என்றால், "அடுத்த வாரம் போய்க்கலாம்" என்று தள்ளிப்போகும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரி முழுக்கக் கண்விழித்திருப்பார்கள். மாத்திரைப் பட்டை ஊரில் தலையணைக்கு அடியில் இருக்கும். தூக்கம் கெட்டு, மாத்திரையும் விட்டுப்போனால் வலிப்பு வருவதற்கு வேறென்ன வேண்டும்?

வந்தால் என்ன ஆகும் என்பது இடத்தைப் பொறுத்தது. பாயில் படுத்திருக்கும்போது வந்தால் இரண்டு நிமிடப் பதற்றத்தோடு போய்விடும். கிணற்று மேட்டிலோ, விறகடுப்பின் முன்னாலோ, இருசக்கர வாகனத்திலோ வந்தால் உயிர் போகும். மாத்திரையை இடையில் நிறுத்துவதால் நிற்காமல் தொடர் வலிப்பு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுகிறவர்களும் உண்டு.

இந்தப் பின்னணியில்தான், "மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டால் போதும், தினமும் மாத்திரை வேண்டாம்" என்ற யோசனை கவர்ச்சியாகத் தெரிகிறது. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்படும் கன்னாபிடியால், சுருக்கமாக சி.பி.டி., என்ற பொருளை நீண்ட நாள் வேலை செய்யும் ஊசியாக மாற்றும் ஆய்வுகள் நடக்கின்றன. யோசனை நல்லது. ஆனால், "கஞ்சா ஊசி வந்தாச்சாம், வலிப்பு போயிருமாம்" என்று அது வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கினால், அதை நம்பி கையிலிருக்கும் மாத்திரையை யாராவது நிறுத்திவிடும் ஆபத்து இருக்கிறது. எனவே, எது உண்மை, எது இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

கஞ்சா வேறு, சி.பி.டி. வேறு

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டு வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். சி.பி.டி. போதை தராது. இரண்டின் வேதி அமைப்பையும் இஸ்ரேல் விஞ்ஞானி ரஃபேல் மெக்குலம் குழு 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் கண்டறிந்தது. பிரேசில் மருத்துவர்களோடு சேர்ந்து வலிப்பு நோயாளிகளுக்கு சி.பி.டி. கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வை அவர் 1980இல் வெளியிட்டார். அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

வலிப்புக்கும் கஞ்சாவுக்குமான நவீன மருத்துவத் தொடர்பு இந்தியாவிலேயே தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் வில்லியம் புரூக் ஓஷாக்னசி, பிறந்து 40 நாளே ஆன ஒரு பெண் குழந்தையின் வலிப்புக்குக் கஞ்சாச் சாரத்தைக் கொடுத்ததை 1839இல் பதிவு செய்தார். அப்போது அந்தச் சாரத்தில் எது எவ்வளவு இருந்தது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. இன்றைய மருந்துக்கும் அன்றைய சாரத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இப்போதைய ஆர்வத்தைக் கிளப்பியவர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துச் சிறுமி ஷார்லட் ஃபிகி. டிராவே சிண்ட்ரோம் என்ற கடுமையான குழந்தைப் பருவ வலிப்பால் பாதிக்கப்பட்டிருந்த அவருக்கு, சி.பி.டி. அதிகமுள்ள எண்ணெய் கொடுத்த பிறகு வலிப்பு பெருமளவு குறைந்தது. 2013இல் தொலைக்காட்சியில் அவரது கதை வந்ததும் உலகெங்கும் பெற்றோர்கள் அந்த எண்ணெயைத் தேடினார்கள். ஷார்லட் 2020 ஏப்ரலில் 13 வயதில் இறந்தார். ஒரு குழந்தையின் கதை சான்று ஆகாது. ஆனால் அந்தக் கதை இல்லாமல் முறையான பரிசோதனைகள் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

பரிசோதனை என்ன சொன்னது?

டிராவே சிண்ட்ரோம் உள்ள 120 குழந்தைகள், இளைஞர்களிடம் நடந்த ஆய்வு 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. சி.பி.டி. எடுத்தவர்களுக்கு மாதம் 12.4 ஆக இருந்த வலிப்புகளின் இடைநிலை எண்ணிக்கை 5.9 ஆகக் குறைந்தது. வெறும் போலி மருந்து எடுத்தவர்களுக்கு 14.9இலிருந்து 14.1 மட்டுமே. லெனாக்ஸ் கஸ்டோ சிண்ட்ரோம் என்ற இன்னொரு கடுமையான வகையில் 225 பேரிடம் 2018இல் வெளியான ஆய்வில், கீழே விழ வைக்கும் வலிப்புகள் அதிக அளவு மருந்தில் 41.9 சதவீதம், குறைந்த அளவு மருந்தில் 37.2 சதவீதம் குறைந்தன. போலி மருந்திலும் 17.2 சதவீதம் குறைந்தது. அந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். மருந்தே இல்லாமல் "மருந்து எடுக்கிறோம்" என்ற நம்பிக்கையாலும், நோயின் இயல்பான ஏற்ற இறக்கத்தாலும் அவ்வளவு மாற்றம் தெரிகிறது. நம்மூரில் ஊசிக்கு இருக்கும் மரியாதையை நினைத்தால் ("ஒரு ஊசி போட்டு விடுங்க சார், அப்பத்தான் கேக்கும்") இந்தப் போலி விளைவு ஊசியில் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

இந்தச் சான்றுகளின் அடிப்படையில், எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் சி.பி.டி. வாய்வழித் திரவத்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஜூனில் ஒப்புதல் அளித்தது. 2020இல் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோயில் வரும் வலிப்புக்கும் அனுமதி விரிவானது. ஆக மொத்தம் மூன்று அரிய நோய்கள். சாதாரணமாக நாம் பார்க்கும் பெரும்பாலான வலிப்பு நோயாளிகள் இந்த மூன்றிலும் வர மாட்டார்கள்.

தமிழ்நாட்டு நிலவரத்துக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் ஆய்வு ஒரு நல்ல சாட்சி. அந்த வட்டாரத்தில் வலிப்பு உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம், நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய் மூளையில் கட்டியாக மாறுவது என்று அவர்கள் கண்டார்கள். இது சுத்தமான குடிநீர், கழிப்பறை, கை கழுவுதல் சம்பந்தப்பட்ட விஷயம். ஒற்றைக் கட்டி இருந்து அது கரைந்துவிட்டால், பலருக்கு ஆயுள் முழுக்க மாத்திரையே தேவையில்லை. இப்படிப்பட்டவருக்கு சி.பி.டி. ஊசி என்பது கொசுவை அடிக்கக் கோடாலி.

ஊசி எதற்கு?

வாய்வழி சி.பி.டி.யின் பெரிய குறை, உடலுக்குள் போய்ச் சேரும் அளவு. விழுங்கியதில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் வீணாகிறது. வெறும் வயிற்றில் எடுத்தால் சுமார் 6 சதவீதம் மட்டுமே ரத்தத்துக்கு வருகிறது. கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு எடுத்தால் இது நான்கைந்து மடங்கு கூடும். காலையில் வெறும் இட்லி, மறுநாள் நல்லெண்ணெயும் பொடியும் ஊற்றிய இட்லி என்றால், மருந்தளவே மாறிப்போகும். அதனால்தான் தினமும் ஒரே மாதிரிச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்கிறார்கள். தற்செயலாக, எபிடியோலெக்ஸ் திரவமே நல்லெண்ணெயில்தான் கரைக்கப்பட்டிருக்கிறது.

ஊசியாகப் போட்டால் குடலும் கல்லீரலும் முதலிலேயே கை வைக்க முடியாது. இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் 200 மில்லிகிராம் கொடுக்கிறோம். 6 சதவீதம் என்றால் ரத்தத்தில் சேர்வது 12 மில்லிகிராம். மாதத்துக்கு 360 மில்லிகிராம். எச்.ஐ.வி.க்கான கபோடெக்ராவிர் ஊசியில் ஒரு தடவைக்கு 600 மில்லிகிராம் மருந்து 3 மில்லிலிட்டருக்குள் அடக்கப்படுகிறது. ஆகவே ஒரு குழந்தைக்கு மாத ஊசி என்பது வெறும் கற்பனை அல்ல. அதே குழந்தைக்கு வால்புரோயேட் மருந்தென்றால் நாளைக்கு 400 மில்லிகிராம், அநேகமாக முழுவதும் ரத்தத்தில் சேரும். மாதத்துக்கு 12 கிராம். மூன்று டீஸ்பூன் சர்க்கரை எடை. அதை எந்தச் சதையில் குத்தி வைப்பது? ஃபெனிடாயின் நிலையும் அதுதான். பெரியவருக்கு நாளைக்கு 300 என்றால் மாதம் 9 கிராம். பழைய வலிப்பு மருந்துகள் எதுவும் மாத ஊசியாக வராததற்கு இந்த எளிய எடைக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால், கணக்கு இத்தோடு முடியவில்லை. கொழுப்புச் சாப்பாட்டோடு மருந்து எடுத்து நல்ல பலன் பெறும் குழந்தைக்கு அதே ரத்த அளவைக் கொண்டுவர வேண்டுமானால் 360 என்பது 1,400க்கு மேல் போகும். 60 கிலோ பெரியவருக்கு அதைப் போல மூன்று மடங்கு. அப்போது ஒரே ஊசியில் முடியாது.

நீண்ட நாள் ஊசி என்பது புதிய தத்துவம் அல்ல. மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்டவர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சாத்தின் பெனிசிலின் போட்டுக்கொள்கிறார்கள். மனநல சிகிச்சையில் ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட் ஊசி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அதுவும் நல்லெண்ணெயில் கரைத்த மருந்துதான். சதைக்குள் எண்ணெய்த் துளியாகத் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கிராம சுகாதார செவிலியர்களுக்கு நன்றாகத் தெரிந்த 'அந்தரா' கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அரசுத் திட்டத்தில் 2017இல் வந்தது.

சி.பி.டி.யில் முயற்சிக்கப்படும் வழிகளில் முக்கியமானது லைப்போசோம். கொழுப்பாலான நுண்ணிய குமிழிக்குள் மருந்தை அடைத்து, தோலுக்கு அடியில் செலுத்துவது. பெயர் புதிதாகத் தோன்றலாம். 2021இல் கறுப்புப் பூஞ்சை பரவியபோது ஊர் ஊராக அலைந்து தேடிய லைப்போசோமல் ஆம்போடெரிசின் ஊசியை நினைத்துக்கொண்டால் போதும். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் மூட்டுவலி உள்ள சில நாய்களுக்கு லைப்போசோம் சி.பி.டி. ஊசி போட்டு, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஊசிக்குப் பிறகு ஆறு வாரம் வரை ரத்தத்தில் சி.பி.டி. தென்பட்டது. உடலுக்குள் கரைந்துபோகும் பாலிமர் துகள்களில் சி.பி.டி.யை அடைக்கும் ஆய்வுகளும் தனியாக நடக்கின்றன.

அவ்வளவுதான் இப்போதைய நிலை. மனிதர்களின் வலிப்புக்கு நீண்ட நாள் வேலை செய்யும் சி.பி.டி. ஊசி உலகில் எந்த நாட்டிலும் ஒப்புதல் பெறவில்லை. ரத்தத்தில் தென்படுவது வேறு. வலிப்பைத் தடுக்கும் அளவில் நிலையாக இருப்பது வேறு. நாயின் மூட்டுவலி வேறு, குழந்தையின் மூளை வேறு.

போட்டபின் எடுக்க முடியாது

மாத்திரையின் வசதி, ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்பது. ஊசியில் அது நடக்காது. சி.பி.டி. சிலருக்குக் கல்லீரல் என்சைம்களை உயர்த்துகிறது. வால்புரோயேட்டும் சேர்ந்தால் அந்த ஆபத்து கூடும். குளோபசாம் எடுப்பவருக்கு, அந்த மருந்தின் வீரியமான துணைப்பொருள் ரத்தத்தில் ஏறி, குழந்தை நாள் முழுக்கத் தூங்கி வழியும். வாய்வழி மருந்தென்றால் மருத்துவர் அளவைக் குறைப்பார். ஒரு மாதத்துக்கான மருந்து ஏற்கெனவே சதைக்குள் இருந்தால் என்ன செய்வது? இதனால்தான் நீண்ட நாள் ஊசிகளில் முதலில் வாய்வழியாகச் சில வாரம் கொடுத்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அதற்கே ரத்தப் பரிசோதனை, நரம்பியல் மருத்துவர், திரும்பத் திரும்ப வருகை எல்லாம் வேண்டும். பஸ் பயணம் மிச்சமாகும் என்று நினைத்தால், முதல் சில மாதங்களுக்கு அது நடக்காது.

இன்னொன்று, ஊசியின் வால். மாதக் கடைசியில் மருந்து மெல்ல மெல்லக் குறையும். மாத்திரை விட்டுப்போனால் நோயாளிக்குத் தெரியும், பட்டையில் மிச்சமிருக்கும். ஊசி தேதி தாண்டினால் பட்டையும் இல்லை, ஞாபகப்படுத்த எதுவும் இல்லை. தேதியை நினைவில் வைத்து வீட்டுக் கதவைத் தட்ட ஒருவர் இருந்தால்தான் இந்த ஊசிக்கு அர்த்தம் உண்டு.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியில் போடும் லோரசெபாம், மிடசோலம் போன்றவை அவசர மருந்துகள். மாத ஊசி தடுப்பு மருந்து. வலிப்பு வந்த பிறகு அதைப் போட்டுப் பயன் இல்லை.

சட்டமும் விலையும்

மதுரை, தேனி பக்கம் கஞ்சா என்ற சொல்லுக்குக் காவல் துறைச் செய்திகளில்தான் அதிகப் புழக்கம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 'கஞ்சா' என்பது செடியின் பூ, காய்ப் பகுதி. அதோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறையில் வராது. இந்த இடைவெளியில்தான், 'விஜயா' என்ற பெயரில் ஆயுஷ் உரிமத்தோடு கஞ்சா இலைச் சாற்று எண்ணெய்கள் இணையத்தில் விற்கப்படுகின்றன. சில பெற்றோர்கள் வலிப்புக்காக அவற்றை நாடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. நான்கு மருந்து கொடுத்தும் நிற்காத வலிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். ஆனால், புட்டியில் எழுதியிருக்கும் அளவு உள்ளே இருக்கிறதா? அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், 26 மட்டுமே லேபிளில் சொன்னபடி இருந்தன. 18இல் போதை தரும் டி.எச்.சி. இருந்தது. இப்படி அளவு தெரியாத எண்ணெயைக் கொடுப்பதானால் குறைந்தபட்சம் நரம்பியல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டுவார்களோ என்று மறைப்பதுதான் ஆபத்து.

சர்வதேச அளவில் காற்று மாறியிருக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்க வாக்களித்தது. ஆதரவாக விழுந்த 27 வாக்குகளில் இந்தியாவின் வாக்கும் ஒன்று. ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம், வலிப்பு உள்ளிட்ட நோய்களுக்காகக் கஞ்சா மருந்து ஆய்வில் இறங்கியிருக்கிறது. ஆனாலும் மார்ஃபின் கதையை மறக்கக் கூடாது. புற்றுநோய் வலிக்கான அந்த மருந்து, 1985 சட்டத்தின் கெடுபிடியால் பல ஆண்டுகள் நோயாளிகளுக்கு எட்டாமல் கிடந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகே வழி சற்றுத் திறந்தது. சி.பி.டி. ஊசி ஒருநாள் வந்தாலும், அதை வைத்திருக்க எத்தனை உரிமம், எத்தனை பதிவேடு என்று ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநர் பயந்தால் அது அலமாரிக்கே வராது. அரசு அதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

விலை? 2018இல் எபிடியோலெக்ஸ் அறிமுகமானபோது ஆண்டுக்கு 32,500 டாலர். அன்றைய மதிப்பில் 22 லட்சம் ரூபாய்க்கு மேல். வலிப்பை அடக்கும் அடிப்படை மருந்துக்கு ஆண்டுக்கு 5 டாலர்கூடப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்பதும் அதன் கணிப்பு. ஊசிக்கான தேவை மீதமுள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான்.

ஆனால், அந்தப் பகுதியைச் சிறியது என்று ஒதுக்கவும் முடியாது. டிராவே சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு, அரசு ஆஸ்பத்திரியில் எளிதாகக் கிடைக்கும் ஃபெனிடாயினும் கார்பமசெபைனும் வலிப்பை அதிகமாக்கக்கூடும். எந்த வகை என்று கண்டுபிடிக்க மரபணுப் பரிசோதனை வேண்டும். ஊசி வருவதற்கு முன்பே, தென் மாவட்டக் குழந்தைகளுக்கு அந்தப் பரிசோதனை மதுரையிலேயே இலவசமாகக் கிடைக்க வழி செய்தால், இப்போது தவறான மருந்தில் இருக்கும் சில குழந்தைகளாவது தப்பிக்கும்.

ஊசி வரும்வரை

ஊசி ஆய்வாளர்கள் தீர்க்க முயல்வது, மாத்திரை விட்டுப்போகும் பிரச்சினையை. அதில் ஒரு பாதியை இன்றே தீர்க்கலாம். வலிப்பு கட்டுக்குள் இருக்கும் நோயாளிக்கு ஒரு மாதத்துக்குப் பதில் மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கலாம். மதுரையில் ஒருமுறை மருந்து முடிவானபின், அதே மாத்திரை பேரையூரிலும் வாடிப்பட்டியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை வீடு தேடிப் போகிறது. அதே பையில் வலிப்பு மாத்திரையும் எல்லா ஊருக்கும் வழக்கமாகப் போக வேண்டும். நாளைக்கு மாத ஊசி வந்தால் தேதி பார்த்துக் கதவைத் தட்டப்போவதும் அதே பணியாளர்கள்தான்.

மறைத்து வைப்பதும் மாத்திரை விட்டுப்போக ஒரு காரணம். புகுந்த வீட்டில் தெரிந்துவிடும் என்று பயந்து மாத்திரையை விட்டுவிடும் பெண்கள் உண்டு. "ஊசின்னா யாருக்கும் தெரியாதுல்ல" என்று அவர்களுக்கு இந்த யோசனை இனிப்பதில் ஆச்சரியமில்லை. வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வாய்ப்பு 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. கால் நூற்றாண்டு ஆகியும், பொண்ணு பார்க்க வரும்போது மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்கும் வீடுகள் இருக்கின்றன. வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கமும் போகவில்லை. அதனால் எந்தப் பயனும் கிடையாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் 108.